புத்தளக் கரையோரத்து மணப்பெண்ணும் அவரது கொப்பியும்: ஓர் ஆய்வு

புத்தளம் மாவட்டக் கரையோரத்தில் ஒரு கலியாணத்தின் முழுத் திட்டமும் மணப்பெண்ணின் சீ.ஆர். கொப்பி ஒன்றுக்குள் இருக்கிறது. வாப்பாவோ அப்பாவோ செலவழிக்கிறார், மாமாமார் தீர்மானிக்கிறார்கள், சாச்சிமார் அந்தத் தீர்மானத்தை மாற்றுகிறார்கள். ஆனால் கதிரை எத்தனை, கேக் பெட்டி எத்தனை, முற்பணம் யாருக்குப் போனது என்று ஒரு கேள்வி எழுந்தால், எல்லாரும் வந்து தட்டுவது மணப்பெண் இருக்கும் அறையின் கதவைத்தான். ஆகவே இத்துறையின் மூல ஆவணம் அந்தக் கொப்பியே. அதன் முதற் பக்கத்தின் தலையில் 786 இருக்கும், அல்லது பிள்ளையார் சுழி, அல்லது சிறு சிலுவை. இரண்டாம் பக்கத்திலிருந்து மூன்று வகைக் கொப்பிகளுக்கும் வேறுபாடு காண்பது அரிது.

ஆய்வின் எல்லை தெற்கே சிலாபம், வடக்கே கற்பிட்டிக் குடாநாட்டின் முனை. மாவட்டத்தில் சிங்களவரே பெரும்பான்மையினர் எனினும், இங்கு எடுத்துக்கொள்ளப்படுவது தமிழ் பேசும் வீடுகள்: புத்தளம், கற்பிட்டி முஸ்லிம்கள், உடப்பு, முன்னேஸ்வரம் இந்துக்கள், கரை நெடுகிலும் உள்ள கத்தோலிக்கர். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு இங்கே வந்து சேர்ந்த முஸ்லிம்களின் வீடுகளும் இதில் அடங்கும். அவர்களுடைய கொப்பிகளில் விலாசப் பகுதி மட்டும் மற்றவற்றைவிட நீளமானது. இப்பகுதியைப் பற்றி எழுதிய முன்னோடி, 1807 இல் கற்பிட்டியில் பிறந்த சைமன் காசிச்செட்டி. 1834 இல் இலங்கையின் ஊர்களை அகரவரிசையில் விவரித்து நூல் வெளியிட்டார். 1859 இல் தமிழ்ப் புலவர்களின் வரலாற்றை ஆங்கிலத்தில் தொகுத்தார். இருநூறுக்கு மேற்பட்ட புலவர்களை வரிசைப்படுத்திய அந்தப் பொறுமை கலியாண வீட்டு விருந்தினர் பட்டியலுக்கும் தேவைப்படும் என்பதால், அவரை இத்துறைக்கும் முன்னோடியாகக் கொள்வதில் தவறில்லை.

மணப்பெண்ணின் திட்டமிடலுக்கு ஓர் இயல்பு உண்டு. இக்கட்டுரை அதைச் சுற்றியே அமைகிறது. அவர் திட்டமிடும் நிகழ்ச்சிகளில் பெரும்பாலானவற்றில் அவருக்கு இடமில்லை, அல்லது இடமிருந்தும் வேலை இல்லை. மூன்று சமயத்தாரிலும் அவர் இல்லாமல் நடக்கவே முடியாத நிகழ்ச்சி தேனிலவு. அதைத் திட்டமிடும் பொறுப்பு மட்டும் அவரிடம் கொடுக்கப்படுவதில்லை.

முதல் வேலை நாள் குறித்தல். ஒவ்வொரு சமயத்தாருக்கும் விலக்கப்பட்ட காலங்கள் உண்டு. இந்துக்கள் ஆடியிலும் மார்கழியிலும் கலியாணம் வைப்பதில்லை. கத்தோலிக்கர் தவக்காலத்தில் வைப்பதில்லை. முஸ்லிம்கள் ரமழானில் வைப்பதில்லை. வயதானவர் உள்ள சில வீடுகளில் ஸபர் மாதமும் தள்ளப்படும். இந்த அளவில் நின்றால் அவரவர் தம் காலத்தை விலக்கிக்கொண்டு நாள் பார்த்துவிடலாம். சிக்கல் என்னவென்றால், கரையில் வாடகைக்குக் கிடைக்கும் வான், கதிரை, ஜெனரேட்டர், பெரிய சட்டி எல்லாம் மூன்று சமயத்தாருக்கும் பொது. தலவில் புனித அன்னம்மாள் ஆலயத் திருவிழா மார்ச்சிலும் ஓகஸ்ட்டிலும் வருகிறது. அப்போது குடாநாட்டில் ஓடக்கூடிய வாகனம் ஒன்றுகூட மிஞ்சுவதில்லை. உடப்புத் திரௌபதை அம்மன் கோயிலில் ஆடியில் தொடங்கும் பதினெட்டு நாள் விழா தீமிதிப்போடு முடிய, முன்னேஸ்வரத் திருவிழா ஆவணியில் வந்துவிடும். ஆகவே புத்தளம் நகரத்து முஸ்லிம் மணப்பெண் ஒருவர் ஓகஸ்ட்டில் நாள் குறிக்க நினைத்தால், அன்னம்மாளையும் திரௌபதையையும் கேட்டுக்கொண்டுதான் குறிக்க வேண்டியிருக்கிறது. சமய நல்லிணக்கம் பற்றிப் பேசும் மேடைகளில் வாடகைக் கதிரையின் பங்கு போதிய அளவு பேசப்படவில்லை.

ரமழான் ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகர்வதால், இந்தக் கணக்கை ஒருமுறை போட்டு வைத்துக்கொள்ளவும் முடியாது. 2026 பெப்ரவரியில் தவக்காலமும் ரமழானும் ஒரே வாரத்தில் தொடங்கின. மண்டபக்காரருக்கு அது நட்டம் ஒரே தடவையில் தீர்ந்த ஆண்டு. இந்து மணப்பெண்ணுக்கு மாசி மாதம் முழுவதும் மண்டபம் காலி. ஆனால் ஊரில் பேர்போன சமையற்காரர் நோன்பு பிடிப்பவராக இருந்தால், பகல் நேரத்தில் கறிக்கு உப்புப் பார்க்க ஆள் தேட வேண்டும். உப்புக்குப் பேர்போன மாவட்டத்தில் இது ஒரு தனி வகை நெருக்கடி.

போயா நாட்கள் இன்னொரு வகை. பொது விடுமுறை என்பதால் கொழும்பு உறவினர் வர வசதி. ஆனால் அன்று இறைச்சி விற்பனைக்கும் மதுபான விற்பனைக்கும் தடை. முந்திய நாளே இறைச்சி வாங்கி வைக்க வேண்டும். வாங்கினால் வைக்கப் பெட்டி வேண்டும். பெட்டிக்கு ஐஸ் வேண்டும். மீன்பிடிக் கரை என்பதால் ஐஸ் மட்டும் எப்போதும் கிடைக்கும். மதுபானத்தைப் பற்றிக் கொப்பியில் எழுதுவதில்லை. அதை மச்சான்மார் தம் தலையில் ஏற்றிக்கொள்கிறார்கள். கத்தோலிக்க வீடுகளில் மிகக் கச்சிதமாக நடந்து முடியும் ஏற்பாடு அதுதான்.

இவை எல்லாவற்றுக்கும் மேலான அதிகாரம் காற்றுக்கு. மே தொடக்கம் செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்து சோளகம் அடிக்கிறது. மாம்புரியில் காற்றாலைகள் நிற்பதற்கும், ஐரோப்பியர் பட்டம் கட்டிய பலகையில் ஏறிக் களப்பைக் கிழித்துக்கொண்டு போவதற்கும் காரணமான அதே காற்று, முற்றத்தில் போட்ட பந்தலின் தறப்பாளையும் விடுவதில்லை. பந்தல் போடுபவர் முதலில் மணலைக் காலால் தட்டிப் பார்ப்பார். பிறகு வானத்தைப் பார்ப்பார். கடைசியாக மணப்பெண்ணின் அப்பாவைப் பார்த்து, "ஹோல் ஒண்டு பாத்தா நல்லம் ஐயா" என்பார். இது வானிலை அறிக்கையைவிட நம்பத்தகுந்தது. சோளகத்தில் மேற்குக் கடல் கொந்தளிக்கும் என்பதால், உடப்பிலிருந்தும் கற்பிட்டியிலிருந்தும் தொழிலாளர் முல்லைத்தீவு, திருகோணமலைப் பக்கம் வாடி போட்டுத் தொழில் செய்யப் போய்விடுவது வழக்கம். பந்தலும் நிற்காது, பந்தலைப் பிடிக்க ஆட்களும் ஊரில் இரார். ஒக்டோபரில் காற்று அடங்கினால் மழை தொடங்கும். மழை விட்டால் கரைவலைக் காலம். கையில் காசு புழங்கும் காலமும் அதுவே, கையில் நேரமே இல்லாத காலமும் அதுவே. அம்பா பாடி வலை இழுப்பவர்கள் கலியாணத்துக்கு வராமல் இருப்பதில்லை. வலை கரை சேர்ந்த பிறகு வருகிறார்கள். அன்று நல்ல பாடு என்றால் பந்திக்கு மீனும் அவர்களுடன் வரும். பாடு இல்லையென்றால் சம்மாட்டி முகத்தைப் பார்த்து யாரும் அன்பளிப்பைப் பற்றிப் பேசமாட்டார்கள்.

விலக்க வேண்டியவை எல்லாவற்றையும் விலக்கிய பிறகு மிஞ்சும் நாட்களில் ஒன்றை மணப்பெண் கொப்பியில் வட்டமிடுகிறார். அந்த நாள் மாப்பிள்ளையின் கட்டார் விடுமுறைக்குள் விழுவதில்லை. திட்டமிடல் மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறது.

இரண்டாவது பெரு வேலை ஆள் எண்ணுதல். விருந்தினர் பட்டியல் எக்காலத்தும் சுருங்கியதாக எக்கொப்பியிலும் சான்று இல்லை. அது வளரும் முறையில் ஓர் ஒழுங்கு தெரிகிறது. முதலில் எழுதப்படுபவர் வர விரும்பும் உறவினர். அடுத்து, அவர்களை அழைத்ததால் அழைக்க வேண்டியவர். மூன்றாவது, அழைக்காவிட்டால் பேச்சை நிறுத்தக்கூடியவர். பட்டியல் முடிந்துவிட்டது என்று கொப்பி மூடப்படும் இரவில் சாச்சி ஒருவர் பாக்குவெட்டியோடு வந்து அமர்ந்து, "என்ன மகள், பெரிய மாமா ஊட்டு ஆக்கள் இதுல இல்லையே" என்பார். பெரிய மாமா வீட்டார் உண்மையில் இருப்பார்கள், நாலாம் பக்கத்தில். ஆனால் அவர்களைத் தேடும் சாக்கில் சாச்சி முழுப் பட்டியலையும் வாசித்துவிடுவார். வாசித்த பிறகு இன்னும் சில பெயர்கள் சேரும். வடக்கிலிருந்து வந்த குடும்பங்களுக்கு இத்துடன் இன்னொரு பட்டியல்: யாழ்ப்பாணத்துக்கும் மன்னாருக்கும் திரும்பிப் போனவர்கள், வெள்ளவத்தையில் இருப்பவர்கள், லண்டன்காரர். ஊர் இரண்டு உள்ளவருக்கு அயலவரும் இரண்டு மடங்கு. மன்னார்ப் பக்கத்தார் பெரும்பாலும் மதவாச்சி, அநுராதபுரம் என்று வில்பத்துவைச் சுற்றிக்கொண்டு வர வேண்டியிருப்பதால், முந்திய இரவே வந்துவிடுவார்கள். பாய், தலையணை என்று கொப்பியில் ஒரு புதிய பக்கம் திறக்கும்.

முஸ்லிம் வீடுகளில் இந்த எண்ணிக்கைக்கு ஒரு கணித நுட்பமும் உண்டு. ஒரு சஹனைச் சுற்றி ஆறு பேர் அமர்கிறார்கள். ஆகவே விருந்தினர் தொகையை ஆறால் வகுத்தால் சஹன் எண்ணிக்கை கிடைக்கும். மீதி வந்தால்தான் தொல்லை. ஐந்து பேர் அமர்ந்துவிட்ட சஹனில் யாரும் கை வைப்பதில்லை. நெய்ச்சோற்றின் மேல் கோழியும், ஓரத்தில் கத்தரிக்காய் மோஜுவும் ஆறிக்கொண்டிருக்க, ஐவரும் கைகழுவிய ஈரத்தோடு வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில் அவ்வழியே வருபவர் யாராயினும், அவர் மின்சாரம் பார்க்க வந்தவராயினும், இழுத்து உட்கார வைக்கப்படுகிறார். ஆறாம் ஆள் ஐந்து வயதுப் பையனாக அமைவது மற்ற ஐவருக்கும் பெரும் பாக்கியம்; வட்டிலப்பத்தில் அவன் பங்கு பற்றி மட்டும் முன்கூட்டியே உடன்பாடு வேண்டும். மணப்பெண் கொப்பியில் ஆறின் வாய்ப்பாடு எழுதி வைத்திருப்பார். அது ஒருபோதும் சரிவருவதில்லை, ஏனெனில் மாப்பிள்ளை வீட்டார் சொன்ன தொகை என்பது அவர்கள் ஏறி வரும் வாகனங்களின் தொகை.

இந்து வீடுகளில் பந்தி என்பதால் வகுத்தல் இல்லை, வரிசைதான். கத்தோலிக்க வீடுகளில் கேக் என்ற ஒன்று கூடுகிறது. மேடையில் நாலைந்து தட்டாக நிற்கும் வெள்ளைக் கோபுரம் பெரும்பாலும் ரெஜிபோம். மணமக்கள் கத்தி வைக்கும் இடத்தில் மட்டும் உண்மையான கேக் இருக்கும். விருந்தினர் கையில் போவது சிறு பெட்டியில் சுற்றி வைத்த துண்டு. கத்தி வைக்க வேண்டிய இடத்தை மணமகனுக்கு முன்கூட்டியே காட்டி வைப்பது மணப்பெண்ணின் பொறுப்பு; காட்டாவிட்டால் கத்தி ரெஜிபோமில் இறங்கி ஒரு கிறீச்சொலி எழும், வீடியோக்காரர் அதைப் பதிவுசெய்துகொள்வார்.

உடை பற்றி ஒரு நூலே எழுதலாம். இங்கு சாறிச் சட்டையோடு நிறுத்திக்கொள்ளப்படுகிறது. அளவு எடுக்கும் நாளுக்கும் உடுத்தும் நாளுக்கும் இடையில் மணப்பெண் மெலிவார் என்று தையற்காரி எதிர்பார்க்கிறார். கொப்பித் தொல்லையால் அவர் மெலியவும் செய்கிறார். கடைசி வாரத்தில் உறவினர் வீட்டு விருந்துகள் தொடங்கி அந்த மெலிவைச் சரிக்கட்டி, அதற்கு மேலும் சிறிது சேர்த்துவிடும். உள் தையலில் ஓர் அங்குலம் துணி விட்டு வைக்காத தையற்காரியிடம் இக்கரையில் யாரும் இரண்டாம் முறை போவதில்லை.

கலியாணத்துக்கு முன் எடுக்கும் போட்டோ, அதாவது பிரீ ஷூட், கடந்த சில ஆண்டுகளில் நிலைபெற்ற வழக்கம். கற்பிட்டியில் ஒல்லாந்தர் கோட்டை நல்ல பின்னணிதான். 1667 இல் கட்டத் தொடங்கிய அது இன்று கடற்படையின் பொறுப்பில் இருப்பதால், போட்டோக்காரர்கள் வெளியே தேடுகிறார்கள். பாலாவி உப்பளத்தில் குவித்த உப்பு, மாம்புரிக் காற்றாலை, கண்டகுளிக் கடற்கரை என்று வரிசை நீள்கிறது. முகத்திரை அணிந்த கத்தோலிக்க மணப்பெண்ணைக் கடற்கரையில் நிறுத்தினால், காற்று திரையைத் தூக்கி மணமகன் முகத்தில் சுற்றிவிடும். மணமகன் திரைக்குள் மூச்சுத் திணறும் கணத்தைப் போட்டோக்காரர் காதல் என்று தலைப்பிட்டு அல்பத்தின் நடுப்பக்கத்தில் வைப்பதுண்டு. குடாநாட்டில் கட்டாக்காலியாகத் திரியும் கழுதைகளும் கவனத்துக்குரியவை. அவை வெளிச்சம் நன்றாக விழும் இடத்தைத் தேர்ந்து நிற்கின்றன, விரட்டினால் போவதில்லை, மணமக்களைவிட நேராகக் கமராவைப் பார்க்கின்றன. தொழில் தெரிந்த போட்டோக்காரர் கழுதையை விலக்க முயல்வதில்லை, மணமக்களை நகர்த்துகிறார்.

மின்சாரம் பற்றி ஒரு வரி. நுரைச்சோலை அனல்மின் நிலையம் 900 மெகாவாற்றுக் கொள்ளளவு உடையது. நாட்டிலேயே மிகப் பெரியது. அதன் புகைபோக்கி தெரியும் தூரத்தில் நடக்கும் கலியாணத்துக்கும் ஜெனரேட்டர் வாடகைக்கு எடுக்கப்படுகிறது.

மருதோன்றி இடும் இரவில் திட்டமிடல் முற்றாக நின்றுபோகிறது. இரு கைகளிலும் முழங்கை வரை மருதோன்றி காய்ந்துகொண்டிருக்கையில் மணப்பெண்ணால் கொப்பியைப் புரட்ட முடியாது, தொலைபேசியைத் தொட முடியாது. அன்றைக்கென்றே எல்லாரும் அழைப்பார்கள். ராத்தாவின் மகள் தொலைபேசியை மணப்பெண்ணின் காதில் பிடித்துக்கொண்டிருக்க, மறுமுனையில் பூக்காரர் மல்லிகை வரவில்லை, வேறு என்ன போடட்டும் என்பார். பதில் சொல்லுமுன் சிறுமியின் கை வலித்துத் தொலைபேசி கழுத்துக்கு இறங்கும். இடது உள்ளங்கையில் ஓர் இதழ் அழிந்திருந்தால், அது பூக்காரருடன் பேசிய நேரத்தில் நிகழ்ந்தது என்று துணியலாம்.

இனி, இக்கட்டுரையின் மைய விடயமாகிய வராமை. நிக்காஹ் பெரும்பாலும் பள்ளிவாசலில், ஆண்கள் சபையில் நடக்கிறது. மணப்பெண்ணின் வலியாக, அதாவது பொறுப்பாளராக, வாப்பா பேசுகிறார், மாப்பிள்ளை ஏற்றுக்கொள்கிறார், சாட்சிகள் இருக்கிறார்கள். மணப்பெண் வீட்டில் இருக்கிறார். சபைக்கு எத்தனை பாய், எத்தனை பேரீச்சம்பழப் பெட்டி, மௌலவிக்கு வாகனம் எங்கிருந்து என்பதெல்லாம் அவரது கொப்பியில் இருந்து போனவை. அவர் மட்டும் போவதில்லை. 1951 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டமும் இவ்விடயத்தில் வழக்கத்தை ஒட்டியே நின்றது: காவின் எனும் விவாகப் பதிவில் மணமகனும் வலியும் கையொப்பமிட வேண்டும் என்றது, மணப்பெண்ணின் கையொப்பத்தைக் கட்டாயமாகக் கேட்கவில்லை. கதிரை வாடகைப் பற்றுச்சீட்டிலிருந்து கேக் முற்பணம் வரை எல்லாத் தாளிலும் கையெழுத்து வைத்த ஒருவரிடம், ஒரே ஒரு தாளில் மட்டும் கையெழுத்துக் கேட்கப்படாதது ஆய்வாளர் கவனத்துக்கு உரியது. பெண்கள் அமைப்புகள் நெடுங்காலமாகக் கேட்டுவரும் திருத்தங்களில் இதுவும் ஒன்று. அதில் நகைப்புக்கு இடமில்லை.

இந்து வீடுகளிலும் நிலைமை வெகுவாக மாறுவதில்லை. தாலிக்குப் பொன்னுருக்கும் சடங்கு மாப்பிள்ளை வீட்டில் நடக்கும். அதற்கு மணப்பெண் போவதில்லை, உருக்கிய பின் தாலி ஏறும் வரை இருவரும் பார்த்துக்கொள்ளவும் கூடாது என்பார்கள். எத்தனை பவுண் என்ற பேச்சும் அவர் இல்லாத அறையில் நடந்து முடிந்த ஒன்றே. 1907 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்படி நடக்கும் கலியாண எழுத்துக்கு அவர் நேரில் இருந்து கையெழுத்து வைக்க வேண்டும். பதிவாளரிடம் முன்னறிவித்தல் கொடுத்துப் பன்னிரண்டு நாள் பொறுத்திருக்க வேண்டும் என்ற விதி இதில் உண்டு. கொப்பி வைத்திருப்பவர் தவிர வேறு யாருக்கும் அது ஞாபகம் இராது.

கத்தோலிக்க மணப்பெண் விதிவிலக்கு. கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்கும்போது அவரது பெயர் ஊரறிய ஒலிக்கிறது. பூசையிலும் அவர் இருக்கிறார், வாய் திறந்து வாக்குக் கொடுக்கிறார். ஆனால் நேரத்தின் பெரும்பகுதி சபைக்கு முதுகு காட்டி நிற்க வேண்டியிருப்பதால், மூன்றாம் வரிசைப் பூங்கொத்து சரிந்துவிட்டதா, மாமி எந்த வாங்கில் உட்கார வைக்கப்பட்டார் என்பவற்றைப் பின்னர் வீடியோவில்தான் அறிந்துகொள்கிறார்.

மூன்று சமயத்திலும் மணப்பெண் முழுமையாகக் கலந்துகொள்ளும் ஒரு நிகழ்ச்சி உண்டென்றால் அது மேடையில் அமர்ந்திருத்தல். வருபவர் ஒவ்வொருவரும் அவருடன் போட்டோ எடுக்கிறார்கள். அவர் சிரித்தபடி, உதட்டை அசைக்காமல், தங்கைக்கு உத்தரவு கொடுக்கும் கலையை அங்கே கற்கிறார். "அந்த மூலையில கதிர இல்ல. சாச்சாவுக்கு சோறு போகல்ல. பேன திருப்பு." போட்டோவில் இவற்றில் எதுவும் தெரிவதில்லை.

தேனிலவுக்கு வருவோம். புத்தளக் கரையிலிருந்து ஒரு சிறு பயணமாக மலைக்குப் போகும் வழக்கத்துக்கு வியக்கத்தக்க பழைமை உண்டு. 1344 இல் மாலைதீவிலிருந்து வந்த பயணி இப்னு பதூதா, பத்தாலா என்று தாம் குறிக்கும் ஊரில் கரையிறங்கினார். அது புத்தளம் என்று அறிஞர் பலர் கொள்கின்றனர். மாலைதீவில் காழியாக இருந்த காலத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட திருமணங்களை முடித்துக்கொண்டு வந்தவர் அவர். இங்கிருந்த ஆரியச் சக்கரவர்த்தி என்ன வேண்டும் என்று கேட்க, பாவா ஆதம் மலைக்குப் போய்வர வேண்டும் என்றார். மன்னர் பல்லக்கும் அதைச் சுமக்க ஆட்களும் தந்தார். துணைக்கு 4 யோகிகள், 3 பிராமணர், தம் பரிவாரத்தார் 10 பேர், சாப்பாட்டுச் சாமான் தூக்க 15 பேர் என்று 32 பேரையும் அனுப்பினார். கரையிலிருந்து மலைக்குப் போகும் ஒருவரைத் தனியே விடுவதில்லை என்ற கொள்கைக்கு இதுவே முதற் சான்று. அக்கொள்கை இன்றும் கைவிடப்படவில்லை.

இன்றைய பயணம் நுவரெலியாவுக்கு. 1,868 மீற்றர் உயரத்தில், ஆண்டு முழுவதும் சராசரி 16 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும் அவ்வூர், உப்புக் காற்றில் வளர்ந்தவருக்கு இயல்பான தெரிவு. ஏறத்தாழ 200 கிலோமீற்றர். குருநாகல், கண்டி, றம்பொடை வழி. பொதுவாக இரண்டு இரவு. அதற்கு மேல் நீள முடியாது, ஏனெனில் மாப்பிள்ளைக்குப் பெண்ணின் உறவினர் வைக்கும் விருந்துகள் வரிசையில் காத்திருக்கின்றன. கத்தோலிக்கருக்கு மாப்பிள்ளை வீட்டு ஹோம்கமிங் இருக்கிறது. கட்டார் விடுமுறையும் கரைந்துகொண்டிருக்கிறது. வானை ஓட்டுபவர் மச்சான் ஒருவர். அவருக்குப் பேச்சுத் துணையாக அவரது நண்பர். பின் ஆசனத்தில் மாப்பிள்ளையின் தங்கையும் அவர் கணவரும் குழந்தையும், "அவங்க எப்ப போறது, இதுதானே ஒரு சாட்டு" என்ற நியாயத்தில். இப்னு பதூதாவின் பரிவாரத்தோடு ஒப்பிட்டால் கூட்டம் வெகுவாகக் குறைந்திருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். யோகிகளும் பிராமணரும் முற்றாகவே கைவிடப்பட்டுள்ளனர்.

2022 இல் இந்த மரபு கடும் சோதனைக்கு உள்ளானது. அவ்வாண்டு ஜூலைப் பிற்பகுதியில் கியூ.ஆர். அட்டைப் பங்கீடு நாடு முழுவதும் வந்தபோது, வான் ஒன்றுக்கு வாரத்துக்கு 20 லீற்றர் எரிபொருள் ஒதுக்கப்பட்டது. லீற்றருக்குப் பத்துக் கிலோமீற்றர் ஓடும் வான் என்று கொண்டால், ஒரு வாரப் பங்கு மணமக்களை நுவரெலியாவில் கொண்டுபோய் இறக்கும். திரும்பி வருவதற்கு அடுத்த வாரம் வரை அங்கேயே இருக்க வேண்டும். தேனிலவு நீளுவதற்கு அரசே வழிசெய்துகொடுத்த ஒரே காலம் அது. அக்காலத்து மணமக்கள் பெரும்பாலும் சிலாபம் வரை மோட்டார் சைக்கிளில் போய்த் திரும்பியதாகவே தெரிகிறது. மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர்.

மலைக்குப் போக சுவெட்டர் வேண்டும். புத்தளம், கற்பிட்டி வீடுகளில் சுவெட்டர் வாங்குவதில்லை, எடுப்பது. ஒரு தெருவில் யாரோ எப்போதோ வாங்கிய ஒன்று இருக்கும். கலியாணம் முடிந்த ஒவ்வொரு பெண்ணும் அதை நுவரெலியாவுக்குக் கொண்டுபோய் வந்து, பூச்சி உருண்டை போட்டுத் திருப்பிக் கொடுப்பார். அதன் இடது கை முனையில் நூல் பிரிந்திருக்கும். கிரகரி வாவிக் கரையில் எடுத்த படங்களைப் பல வீட்டு அல்பங்களில் ஒப்பிட்டால், அதே பிரிந்த நூலை வெவ்வேறு மணப்பெண்களின் மணிக்கட்டில் காணலாம். நூல் படத்துக்குப் படம் சிறிது நீளமாகிக்கொண்டே போவதால், தேதி எழுதாத அல்பங்களின் காலத்தைக் கணிக்க அது உதவும்.

நுவரெலியாவில் பார்க்க வேண்டியவை வழமையானவை: வாவி, ஹக்கல பூந்தோட்டம், இந்துக்களாயின் சீதா எலிய கோயில், ஏப்ரலாயின் வசந்தகாலக் கூட்டமும் அதற்கேற்ற அறை வாடகையும். மணமக்கள் இருவரும் தனியே பேசிக்கொள்ளக் கிடைக்கும் நேரம், வானில் மற்ற எல்லாரும் உறங்கிவிடும் றம்பொடை வளைவுகளில் அமைகிறது என்பது பொதுவான கருத்து. அவ்வளைவுகளில் மணப்பெண்ணுக்குத் தலைசுற்றும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இதற்கு நேரெதிரான ஓட்டம் ஒன்றும் உண்டு. கொழும்பிலிருந்து புதுமணத் தம்பதியர் கற்பிட்டிக்கு வருகிறார்கள். நவம்பர் தொடக்கம் ஏப்ரல் வரை கடல் அமைதியாக இருக்கும் காலைகளில், ஆலங்குடாக் கரையிலிருந்து படகேறி, கூட்டங்கூட்டமாகத் துள்ளும் ஓங்கில்களைப் பார்க்கிறார்கள். படகை ஓட்டுபவர் உள்ளூர் மணப்பெண்ணுக்குத் தம்பி முறையாகவோ நானா முறையாகவோ இருப்பார். அந்த மணப்பெண் ஓங்கில் பார்க்கப் படகேறியதே இராது. ஏன் என்று கேட்டால், "கடல்ல என்ன பாக்குறது, அதுதான் தினமும் கறியில வருதே" என்ற பதில் கிடைக்கிறது. மலைநாட்டிலிருந்து இங்கே தேனிலவுக்கு வருபவரும் உண்டு. நுவரெலியாவில் இருந்து வரும் ஒரு வானும் நுவரெலியாவுக்குப் போகும் ஒரு வானும் குருநாகலில் ஒரே கடையில் தேநீர் குடிக்க நிறுத்துவது நடக்கக்கூடியதே. சுவெட்டரை அங்கேயே கைமாற்றிக்கொண்டால் இரு தரப்புக்கும் சுமை குறையும். இன்னும் எவரும் அதைச் செய்ததாகத் தெரியவில்லை.

திரும்பும் பயணத்தில் தேனிலவு கொள்வனவுப் பயணமாக மாறுகிறது. கரட், லீக்ஸ், பீற்றூட், கோவா என்று ஒவ்வொரு உறவினர் வீட்டுக்கும் ஒரு பை. வழியோரக் கடைகளில் மலிவு என்பதால், போகும் முன்பே சாச்சிமார் சொல்லி வைத்திருப்பார்கள். மணப்பெண் மறுபடி ஒரு பட்டியல் எழுதுகிறார். பின் ஆசனக் குழந்தையின் மடியில் லீக்ஸ் கட்டு ஏறும். கண்டி தாண்டும்போது வானுக்குள் மரக்கறிக்கடை வாசம் நிலைபெறும். ஸ்ட்ரோபெரி வாங்குவது தவறு என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. குருநாகல் வெயிலுக்கு முன்பே அது ஜாம் ஆகிவிடும்.

வீடு வந்ததும் எஞ்சுபவை கணக்குகள். வாடகைக் கடைக்காரர் கதிரைகளை எண்ணிப் பார்ப்பார். ஒன்றிரண்டு குறையும், அயல் வீட்டு முற்றத்தில் கிடைக்கும். அல்பத்துக்குப் படம் தெரிவுசெய்வது மாதக் கணக்கில் இழுபடும், ஏனெனில் மணப்பெண் தாம் கண்மூடிய படங்களை விலக்கினால் மாமி நன்றாக விழுந்த ஒரே படமும் அதில் போய்விடும். கடைசியாக அன்பளிப்பு உறைகள். யார் என்ன கொடுத்தார் என்பதைக் கொப்பியின் பின்பக்கத்திலிருந்து எழுதி வருகையில், பெயர் எழுதாத சில உறைகள் நிச்சயம் அகப்படும். இவற்றின் உரிமையாளரைக் கண்டறிய உம்மாவும் சாச்சியும் கையாளும் முறை விலக்கல் முறை: கொடுத்ததாகப் பெயர் உள்ளவர்களை நீக்கி, கொடுக்கவே மாட்டார் என்று தெரிந்தவர்களை நீக்கி, மிஞ்சுபவர்களில் உறையின் தரத்தைப் பார்த்து ஊகிப்பது. முறை அறிவியல் சார்ந்ததாகத் தோன்றினாலும் உம்மாவின் முடிவும் சாச்சியின் முடிவும் பொருந்துவதில்லை. ஆகவே அந்த நன்றி நிலுவையில் நிற்கிறது. அடுத்த கலியாண வீட்டில் மணப்பெண், அல்லது அப்போது மணப்பெண்ணாக இருந்தவர், எதிர்ப்படும் எல்லாரையும் பார்த்து வழக்கத்தைவிடச் சிறிது அகலமாகச் சிரித்து அதைத் தீர்த்துக்கொள்கிறார்.